சுட்ட வசம்பும் உலர்ந்த கொடியும்: கொட்டாஞ்சேனை வீடொன்றில் சான்றுசார் தாதியப் பராமரிப்பு பற்றிய நிகழ்வு ஆய்வு

கொழும்பு நகரின் கொட்டாஞ்சேனையில், ‘தோட்டம்’ எனப்படும் நெருக்கமான குடியிருப்பு ஒன்றில், பிறந்து நான்கு நாளான ஆண் குழந்தையின் தொப்புள்கொடி எச்சத்தில் சுட்ட வசம்பும் தேங்காய் எண்ணெயும் குழைத்துப் பூசப்பட்டிருப்பது வீட்டுத் தரிசிப்பின்போது தெரியவந்தது. அன்றிலிருந்து அக்குழந்தையின் தொப்புள் முற்றாக ஆறியது வரையான சமுதாயத் தாதியப் பராமரிப்பை இந்த ஆய்வு விவரிக்கிறது. குழந்தைக்குக் கடும் நோய் எதுவும் ஏற்படவில்லை. ஆயினும் ஓர் ஆராய்ச்சி முடிவு எந்த நாட்டில், எத்தகைய வீட்டில், எந்தத் தாய்மாரிடமிருந்து பெறப்பட்டது என்பதைப் பார்க்காமல் அதை இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது என்பது இத்தகைய சிறிய சிக்கலில்தான் துலக்கமாகத் தெரிகிறது. குடும்பத்தின் அடையாளத்தைக் காட்டக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

பின்னணி

1926இல் களுத்துறையில் தொடங்கப்பட்ட சுகாதாரப் பிரிவு முறையின் வழியாக, தாயையும் சிசுவையும் அவர்களது வீட்டுக்கே சென்று பார்க்கும் வழக்கம் இலங்கையில் வேரூன்றியது. கொழும்பு நகருக்குள் இந்தப் பணி மாநகர சபையின் பொதுச் சுகாதாரத் திணைக்களத்தினூடாக நடைபெறுகிறது. இன்று நாட்டின் பிரசவங்களில் 99 வீதத்துக்கும் மேற்பட்டவை வைத்தியசாலைகளிலேயே நிகழ்கின்றன. எனினும் சுகப்பிரசவமான தாய் ஓரிரு நாளில் வீடு திரும்பிவிடுவதால், தொப்புள்கொடி வாடி, கறுத்து, விழும் காலம் முழுவதும் வீட்டில்தான் கழிகிறது. குடும்ப சுகாதார சேவை உத்தியோகத்தர் முதல் பத்து நாள்களுக்குள் குறைந்தது இரு முறை வீட்டுக்குச் செல்ல வேண்டும் என்ற ஏற்பாட்டின் முக்கிய காரணங்களில் இதுவும் ஒன்று.

தாய்க்கு 24 வயது. இது முதற் பிரசவம். 38 வாரங்களில் அரச மகப்பேற்று வைத்தியசாலை ஒன்றில் சுகப்பிரசவம் நடந்தது. பிறப்பு நிறை 2,940 கிராம். காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. தடுப்பூசி வைத்தியசாலையிலேயே ஏற்றப்பட்டிருந்தது. தந்தை துறைமுகத்தில் நாட்கூலி வேலை செய்பவர். ஓர் அறையும் சிறு சமையலிடமும் கொண்ட வீடு; தண்ணீர்க் குழாயை அயல் வீடுகளோடு பகிர்ந்துகொள்கிறார்கள். துடக்குக் கழியும் 31ஆம் நாள் வரை வீட்டின் அதிகாரம் தாயின் அம்மாவிடம் இருந்தது. காயச்சரக்கு அரைப்பது முதல் குழந்தையைக் குளிப்பாட்டுவது வரை எல்லாம் அவர் கையால்தான் நடந்தன. இதை நோயாளி வரலாற்றில் ஒரு துணுக்காக எழுதி நகர்ந்துவிடக்கூடாது. குழந்தைப் பராமரிப்பு பற்றிய நமது அறிவுறுத்தல்களை நாம் தாயிடம் சொல்கிறோம், நடைமுறைப்படுத்துபவரோ பாட்டி.

வீட்டில் கண்டவை

நான்காம் நாள் தரிசிப்பின்போது, தொப்புளுக்கு ஏதாவது போடுகிறீர்களா என்று உத்தியோகத்தர் வழமைபோலக் கேட்டார். “ஒண்ணும் போடல்ல மிஸ்” என்று தாய் பதில் சொன்னார். நப்கினின் மேல் விளிம்பில் கறுப்புக் கறை ஒட்டியிருந்ததை உத்தியோகத்தர் கவனித்தார். தாயைக் குறுக்குவிசாரணை செய்யாமல், பொதுச் சுகாதாரத் தாதியான எனக்குத் தகவல் தந்தார். அன்று பிற்பகலே இருவருமாகச் சென்றோம்.

அந்தக் கறை எப்படி வந்தது என்பதைப் பாட்டியே செய்து காட்டினார். வசம்புத் துண்டை இடுக்கியால் பிடித்து விளக்குச் சுடரில் கருக்கி, உரைகல்லில் இரண்டு துளி தேங்காய் எண்ணெய் விட்டு உரைத்து, சுட்டுவிரலால் கொடியின் அடியைச் சுற்றி வளையமாகப் பூசுகிறார். அதன் மேல் பேபி பவுடர் தூவுகிறார். எண்ணெய் சமையலுக்குப் பாவிக்கும் போத்தலிலிருந்து எடுக்கப்பட்டது. உரைகல் சமையலிடத்தின் ஈரத் தரையில் கிடந்தது. கொடி அசைந்து நோகாதிருப்பதற்காக நப்கின் கொடிக்கு மேலாக இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது.

கொதித்தாறிய நீரில் நனைத்த துணியால் பூச்சை மெல்லத் துடைத்த பின்னரே பரிசோதிக்க முடிந்தது. கொடி எச்சம் பாதி வாடியிருந்தது. அடிப்பகுதி ஈரமாகவும் மென்மையாகவும் இருந்தது. சிவப்பு கொடியின் ஓரத்தோடு நின்றிருந்தது, வயிற்றுத் தோலுக்குப் பரவவில்லை. மாநிறத் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது என்பதால் சூடு, வீக்கம், தோலின் இறுக்கம் ஆகியவற்றையும் விரலால் தொட்டுப் பார்த்தோம்; அவை இல்லை. சீழோ துர்நாற்றமோ இல்லை. உடல் வெப்பம் 36.8 பாகை செல்சியஸ், சுவாசம் நிமிடத்துக்கு 46, நிறை 2,780 கிராம். குழந்தை முலையை நன்றாகப் பற்றி உறிஞ்சியது. இவற்றைக் கொண்டு இது தொப்புள் அழற்சி (தொப்புளில் ஏற்படும் கிருமித் தொற்று) அல்ல என்றும், அன்றே வைத்தியசாலைக்கு அனுப்பத் தேவையில்லை என்றும் முடிவு செய்து, சுகாதார வைத்திய அதிகாரிக்குத் தொலைபேசியில் அறிவித்தோம்.

பாட்டி தயக்கமில்லாமல் பேசினார். “என்ட மூணு புள்ளைக்கும் இதத்தான் போட்டன். மூத்தவனுக்கு மட்டும் நர்ஸ் அம்மா ஸ்பிரிட் தந்தா. இப்ப நீங்க ஒண்ணுமே வேணாம் எண்டு சொல்றீங்க. ஒண்ணும் போடாம விட்டா எப்பிடி மிஸ் ஆறும்?”

அவர் சொன்னதில் பிழையில்லை. தொப்புள்கொடிக்கு ஸ்பிரிட் (கிருமிநாசினியாகப் பயன்படும் மதுசாரம்) பூசுமாறு நமது சேவையே முன்னர் அறிவுறுத்தியிருந்தது. ஆலோசனை மாறியது ஏன் என்று மக்களுக்கு விளக்காமலே நாம் மாறிவிட்டோம். எனவே அவர் கேட்டதை அறியாமை என்று ஒதுக்காமல், விடை சொல்ல வேண்டிய ஒரு தாதியக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டோம்.

கேள்வியை வரையறுத்தல்

ஆராய்ச்சிச் சான்றுகளைக் கொண்டு பராமரிப்பைத் தீர்மானிக்கும் சான்றுசார் செயல்முறையில் முதலில் செய்ய வேண்டியது, யாருக்கு, எதைச் செய்தால், எதனோடு ஒப்பிடும்போது, என்ன விளைவு என்று கேள்வியை நான்கு கூறுகளாகப் பிரிப்பதாகும். வைத்தியசாலையில் பிறந்து வீடு திரும்பிய நிறைமாதக் குழந்தைக்கு, கொடியில் கிருமிநாசினி பூசுவது, எதுவும் பூசாமல் சுத்தமாகவும் உலர்வாகவும் வைப்பதோடு ஒப்பிடும்போது, தொற்றையும் இறப்பையும் குறைக்குமா? இது முதலாவது கேள்வி. பாட்டியின் மறுமொழிக்குப் பின் இரண்டாவது ஒன்றும் எழுந்தது: வீட்டார் ஏற்கெனவே ஏதோ ஒன்றைப் பூசிக்கொண்டிருந்தால் முதற் கேள்வியின் விடை மாறுமா?

சான்றுகள் சொல்பவை

முதற் கேள்வியைப் பற்றி மேலோட்டமாகத் தேடினாலே குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி முன்னுக்கு வரும். நேபாளத்தின் சர்லாஹி மாவட்டத்தில் 15,123 சிசுக்களைக் கொண்டு நடத்தி 2006இல் வெளியிடப்பட்ட பரிசோதனையில், குளோர்ஹெக்சிடின் பூசப்பட்டவர்களிடையே கடுமையான தொப்புள் அழற்சி ஏறக்குறைய முக்கால் பங்கு குறைந்திருந்தது. பிறந்து 24 மணித்தியாலத்துக்குள் பூசத் தொடங்கியவர்களிடையே இறப்பும் மூன்றில் ஒரு பங்களவு குறைந்திருந்தது. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் நடந்து 2012இல் வெளியான பரிசோதனையும் இறப்புக் குறைவதைக் காட்டியது. அதே ஆண்டில் வெளியான வங்காளதேச ஆய்வு சற்றுக் குழப்பமானது: ஒரே ஒருநாள் பூசியவர்களிடம் இறப்பு தெளிவாகக் குறைந்தது, ஏழு நாள் பூசியவர்களிடம் அவ்வாறு குறையவில்லை. மருந்து கூடக்கூடப் பயனும் கூட வேண்டும் என்று எதிர்பார்க்கும் வாசகர் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும்.

இந்த மூன்று ஆய்வுகளும் நம் தெற்காசியாவிலேயே நடந்தவை என்பதால், அவை நமக்கும் பொருந்தும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் அங்கு ஆய்வுக்கு உட்பட்ட பிரசவங்களில் பெரும்பாலானவை வீட்டில் நடந்தவை. சிசு இறப்பு வீதமும் உயர்ந்திருந்தது. கொடி வெட்டப்பட்ட கருவி, வெட்டிய கை, கிடத்திய பாய் எல்லாமே தொற்றுக்கு வழியாக இருந்த சூழல் அது. 2016இல் வெளியான இரு ஆபிரிக்க ஆய்வுகள் வேறு விதமாக அமைந்தன. சாம்பியாவில் குளோர்ஹெக்சிடின் பூசிய குழுவில் ஆயிரத்துக்கு 15.2, எதுவும் பூசாத உலர் பராமரிப்புக் குழுவில் 13.6 என்று இறப்புகள் பதிவாயின. தன்சானியாவின் பெம்பா தீவில் முறையே 10.5, 11.7. இரண்டிலும் புள்ளியியல் ரீதியாகக் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வைத்தியசாலைப் பிரசவங்களும் கணிசமாகச் சேர்ந்து, இறப்பு வீதம் குறைந்திருந்த இடத்தில் மருந்தின் பயனும் மறைந்துவிட்டது.

உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை இதற்கேற்பவே அமைந்துள்ளது. 2014இல், ஆயிரம் உயிர்ப் பிறப்புக்கு, பிறந்து 28 நாள்களுக்குள் 30 அல்லது அதற்கு மேற்பட்ட சிசு இறப்புகள் நிகழும் இடங்களில் வீட்டில் பிறக்கும் குழந்தைகளுக்கே முதல் வாரத்தில் நாளாந்தம் குளோர்ஹெக்சிடின் பரிந்துரைக்கப்பட்டது. 2022இல் வெளியான வழிகாட்டலில் சுத்தமான, உலர்ந்த பராமரிப்பே பொது விதி. விலங்குச் சாணம் போன்ற தீங்கான மரபுப் பொருள்கள் பரவலாகப் பூசப்படும் சூழலில் மட்டும் குளோர்ஹெக்சிடின். இலங்கையின் சிசு இறப்பு வீதம் ஆயிரத்துக்குப் பத்துக்கும் கீழே. ஆகவே முதற் கேள்விக்கு விடை தெளிவு: உலர் பராமரிப்பு.

ஸ்பிரிட் பற்றியும் பார்த்தோம். பல ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் மீளாய்வுகளில் 2004ஆம் ஆண்டின் ஒன்று 21 ஆய்வுகளை ஒன்றுசேர்த்தது. அவற்றில் பெரும்பாலானவை உயர் வருமான நாடுகளின் வைத்தியசாலைகளில் நடந்தவை. கிருமிநாசினிக்கும் உலர் பராமரிப்புக்கும் தொற்றில் வேறுபாடு தென்படவில்லை. கிருமிநாசினி பூசினால் கொடி விழுவது பிந்தியது. இவற்றோடு அம்மீளாய்வில் இன்னொரு முடிவும் உண்டு. வாசகர் பலர் அதைக் கடந்து போய்விடுவார்கள்: கிருமிநாசினி பூசியபோது கொடியைப் பற்றிய தாய்மாரின் கவலை குறைந்தது. தொற்றைக் குறைக்காத ஒரு பூச்சு கவலையைக் குறைத்திருக்கிறது. பாட்டியின் வசம்பு அந்த வீட்டில் என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்பதை எனக்கு விளக்கியது இந்த ஒரு வரிதான்.

தீர்மானம்

இரண்டாவது கேள்வி இலகுவானதாக இருக்கவில்லை. வழிகாட்டலின் விதிவிலக்கைச் சொல்லுக்குச் சொல் எடுத்தால், இந்த வீட்டில் மரபுப் பொருள் பூசப்படுகிறது, ஆகவே அதற்குப் பதிலாகக் குளோர்ஹெக்சிடின் கொடுக்கலாம் என்று வாதிட இடமுண்டு. எங்களோடு இதைக் கலந்துரையாடிய சக தாதி ஒருவர் அவ்வாறே கருதினார். நான் இணங்காததற்குக் காரணங்கள் இருந்தன.

விதிவிலக்கு பேசுவது ஒரு சமூகச் சூழலைப் பற்றி. தனியொரு வீட்டின் பழக்கத்தைப் பற்றி அன்று. வசம்பைச் சாணத்தோடு ஒரே தட்டில் வைப்பதும் நேர்மையாகாது. கொடியில் பூசுவதால் அது தரும் நன்மையையோ தீமையையோ தீர்மானிக்கும் தரமான பரிசோதனை எதையும் நாங்கள் காணவில்லை. சுடரில் கருகிய பகுதியில் கிருமிகள் பெரிதாக எஞ்சியிருக்க வாய்ப்பில்லை; ஆபத்து உரைகல்லிலும், திறந்திருந்த எண்ணெய்ப் போத்தலிலும், கழுவாத விரலிலும், கொடியைக் காயவிடாத எண்ணெயின் ஈரத்திலும் இருந்தது. இந்த நான்கையும் நிறுத்தினால் போதும். மேலும், குளோர்ஹெக்சிடினைக் கண்மருந்தென்று தவறாகக் கண்ணில் விட்டதால் குழந்தைகளின் பார்வை பாதிக்கப்பட்ட சம்பவங்கள் ஆபிரிக்க நாடுகள் சிலவற்றிலிருந்து பதிவாகி, உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை விடுத்திருக்கிறது. எல்லா மருந்துகளும் ஒரே தட்டில் இருக்கும் ஓர் அறை வீட்டில், தேவையற்ற போத்தல் ஒன்றைக் கொண்டுபோய் வைக்க நான் விரும்பவில்லை.

சான்றுசார் மருத்துவத்தின் முன்னோடியான டேவிட் சாக்கெட்டும் அவரது சகாக்களும் 1996இல் அதற்குத் தந்த வரைவிலக்கணத்தை நாம் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறோம்: சிறந்த ஆராய்ச்சிச் சான்று, சிகிச்சை அனுபவம், நோயாளியின் விருப்பம் ஆகிய மூன்றும் இணைய வேண்டும். நடைமுறையில் மூன்றாவதைப் பெரும்பாலும் ஒரு கையொப்பமாகச் சுருக்கிவிடுகிறோம். இங்கு அது கையொப்பத்தோடு முடியவில்லை. வசம்பை எடுத்துவிட்டால், அது போக்கிய கவலையை எதைக் கொண்டு போக்குவது என்பதையும் பராமரிப்புத் திட்டத்திலேயே எழுதினோம்.

செயற்படுத்தல்

பாட்டியிடம் முதலில், காயம் காற்றுப்பட்டு உலர்ந்தால்தான் கொடி விரைவாக விழும், ஈரம் அதைப் பிந்தவைக்கும் என்று சொன்னோம். ஸ்பிரிட் கொடுத்த காலத்தில் அது நல்லதென்றே நம்பப்பட்டது என்பதையும், பின்னர் ஆயிரக்கணக்கான குழந்தைகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது நமது நாட்டைப் போன்ற இடங்களில் அதனால் கூடுதல் பாதுகாப்பு இல்லை என்று தெரிந்ததையும் மறைக்காமல் விளக்கினோம். அவர் அதை ஏற்றுக்கொண்ட விதம் எனக்கு ஆச்சரியமளிக்கவில்லை. பழைய ஆலோசனை ஏன் மாறியது என்று யாராவது சொல்ல வேண்டும் என்றுதான் அவர் எதிர்பார்த்திருக்கிறார்.

பிறகு வேலைப் பங்கீடு. காலையும் மாலையும் சவர்க்காரமிட்டுக் கைகழுவி, வாசல் வெளிச்சத்தில் கொடியைப் பார்ப்பது பாட்டியின் பொறுப்பு. சிவப்பு வயிற்றுத் தோலுக்குப் பரவுதல், வீக்கம், சீழ், துர்நாற்றம், காய்ச்சல் அல்லது உடல் குளிர்தல், பால் குடிக்க மறுத்தல், சோர்ந்து கிடத்தல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் நேரம் பாராமல் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும் என்பதை அவர் வாயாலேயே திரும்பச் சொல்ல வைத்தோம். நப்கினைக் கொடிக்குக் கீழே மடித்துக் கட்டும் முறையைத் தாய்க்குக் காட்டினோம். பவுடரை முற்றாக நிறுத்தினோம். நிறைமாதக் குழந்தைக்கு மென்மையாக உடல் பிடித்துவிடுவதை 2022ஆம் ஆண்டு வழிகாட்டலே அனுமதிப்பதால், கைகால்களையும் முதுகையும் தடவிவிடும் வேலை பாட்டியிடமே இருந்தது. எண்ணெய் தொப்புள் பக்கம் போகாது என்பது மட்டும் உடன்பாடு.

ஒரு விடயத்தில் நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. வயிற்றுப் பொருமலுக்கு வசம்பை உரைத்து நாக்கில் தடவும் எண்ணமும் பாட்டிக்கு இருந்தது. வசம்பிலுள்ள பீட்டா-அசரோன் என்ற பொருளின் நச்சுத்தன்மை காரணமாக ஐக்கிய அமெரிக்கா 1968லேயே அதை உணவில் சேர்ப்பதைத் தடை செய்தது. முதல் ஆறு மாதம் தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் வாய்க்குள் போகக்கூடாது என்ற விதியும் இருக்கிறது. கையில் கட்டவென வைத்திருந்த வசம்பு மணியைக் குழந்தை சூப்பிவிடும் என்பதைச் சுட்டிக்காட்டியதும், அதை வாசல் நிலையில் தொங்கவிட அவரே யோசனை சொன்னார்.

தொடர் அவதானிப்பு

ஆறாம் நாளில் கொடியின் அடி உலர்ந்திருந்தது. ஒன்பதாம் நாளில் விழுந்தது. நிறை பத்தாம் நாளில் பிறப்பு நிறையைத் தாண்டியது. 16ஆம் நாளில் பாட்டியே உத்தியோகத்தரை அழைத்தார்: தொப்புள் குழியில் பட்டாணியிலும் சிறிய, இளஞ்சிவப்பான, கசியும் ஒரு சதைத்துணுக்கு தெரிகிறது. “ஒண்ணும் போடாததாலதான் இப்பிடி” என்ற குரலும் கூடவே வந்தது.

கிளினிக்கில் சுகாதார வைத்திய அதிகாரி பரிசோதித்து, இது தொப்புள் கிரானுலோமா என்றும், குடலுடனோ சிறுநீர்ப்பையுடனோ தொடர்புள்ள எச்சத்துக்கான அறிகுறி இல்லை என்றும் உறுதிப்படுத்தினார். எந்தப் பராமரிப்பு முறையிலும் சில குழந்தைகளுக்கு இது வரும். சில்வர் நைத்திரேற்றைத் தொட்டுவைப்பது வழமையான சிகிச்சை. சுற்றியுள்ள தோல் எரியக்கூடும் என்பது அதன் குறை. சாதாரண உப்பைச் சிறிதளவு, சிறிது நேரம் வைத்தாலும் பெரும்பாலான கிரானுலோமாக்கள் சுருங்கிவிடுவதாகச் சிறிய அளவிலான ஆய்வுகள் பல காட்டியுள்ளன. வைத்தியர் உப்பைத் தெரிவுசெய்தார். முதல் முறை கிளினிக்கிலேயே செய்து காட்டப்பட்டது: ஒரு சிட்டிகையை அந்தத் துணுக்கின் மீது மட்டும் வைத்து, சுத்தமான துணியால் மூடி, குறித்த நேரம் கழிந்ததும் கொதித்தாறிய நீரால் கழுவித் துடைத்தல். அளவை மீறினால் பச்சிளம் தோல் புண்ணாகும் என்ற எச்சரிக்கையும் தரப்பட்டது.

பாட்டி உடனே கேட்டார்: “குசினி உப்புப் போடலாம், வசம்பு போடக்கூடாதா?” இந்தப் பராமரிப்புக் காலம் முழுவதிலும் கேட்கப்பட்ட மிகக் கூர்மையான கேள்வி இதுதான். ஒரு பொருள் சமையலறையிலிருந்து வந்தது என்பதற்காக அதை நாங்கள் மறுக்கவில்லை; மருந்துக்கடையிலிருந்து வந்தது என்பதற்காக ஸ்பிரிட்டை ஏற்கவுமில்லை. உப்பை இந்தத் துணுக்குக்குப் போட்டுப் பார்த்து எழுதிவைத்திருக்கிறார்கள், வசம்பைக் கொடிக்குப் போட்டு யாரும் அப்படிப் பார்க்கவில்லை என்று சொன்னேன். “அப்ப ஆராவது பாத்துச் சொல்லட்டும்” என்றார். நியாயமான கோரிக்கை. துணுக்கு ஐந்தாறு நாளில் சுருங்கி உலர்ந்தது. ஆறாம் வாரக் கிளினிக்கில் தொப்புள் முற்றாக ஆறியிருந்தது. குழந்தை தாய்ப்பால் மட்டுமே குடித்துக்கொண்டிருந்தது.

கருத்துரை

இந்தக் குழந்தை நலமாக இருப்பதைக் கொண்டு உலர் பராமரிப்பின் சிறப்பை நிறுவ முடியாது. பாட்டியின் மூன்று பிள்ளைகள் நலமாக வளர்ந்தது வசம்பைப் பற்றி எதையும் நிரூபிக்காது என்றால், அதே அளவுகோல் நமக்கும் உண்டு. வசம்பைத் தொடர்ந்து பூசியிருந்தாலும் பெரும்பாலும் இக்குழந்தைக்கு ஒன்றும் நேர்ந்திருக்காது. நிகழ்வு ஆய்வு ஒன்றிலிருந்து பெறக்கூடியது சிகிச்சையின் பலன் பற்றிய தீர்ப்பு அன்று. சான்று வீட்டுக்குள் நுழையும்போது எங்கே தடுக்கி நிற்கிறது என்ற விவரம் மட்டுமே.

இந்த நிகழ்வில் அது தடுக்கி நின்ற இடம் எங்கள் வினாவின் அமைப்பு. “ஏதாவது போடுகிறீர்களா” என்று சுகாதார உத்தியோகத்தர் கேட்டால், இல்லை என்பதே எதிர்பார்க்கப்படும் விடை என்று எந்தத் தாய்க்கும் தெரியும். எங்கள் பிரிவில் இப்போது அந்தக் கேள்வி “தொப்புளை ஆர் பாக்கிறது, என்ன போடுறது?” என்று மாற்றப்பட்டு, குளிப்பாட்டுபவரின் முன்னிலையில் கேட்கப்படுகிறது. விடைகளைத் தரிசிப்புக் குறிப்பேட்டில் தனி நிரலில் எழுதத் தொடங்கியுள்ளோம். எத்தனை வீடுகளில், எந்தெந்தப் பொருள்கள், யார் சொல்லிப் பூசப்படுகின்றன என்பது ஓராண்டுப் பதிவுகளிலிருந்து தொகுக்கப்பட்ட பின்னரே, 2022ஆம் ஆண்டு விதிவிலக்கு எங்கள் பிரிவுக்குப் பொருந்துமா என்ற கேள்வியைச் சுகாதார வைத்திய அதிகாரியிடம் மீண்டும் எடுத்துச் செல்வோம்.